பேர் தெரியாத மினி டிராக்டரா, பழகிய பிராண்டா? வாங்கும் முன் மதுரைப் பக்கத்து விவசாயி பார்க்க வேண்டியவை

வைகை அணையில் திறந்த தண்ணீர் பேரணைத் தடுப்பணை வழியாக எங்கள் வாய்க்காலுக்கு வந்து மூன்றாம் நாள், என் வண்டி ரோட்டாவேட்டரை, அதாவது பின்னால் மாட்டி மண்ணைக் கிளறும் சுழல் கலப்பையைத் தூக்க மறுத்துவிட்டது. 22 ஹெச்பி மினி டிராக்டர், வாங்கி இரண்டு வருடம்கூட ஆகவில்லை. லிவரை மேலே தள்ளினால் என்ஜின் முனகும், பின்னால் ஒன்றும் அசையாது. ஹைட்ராலிக் பம்ப் போய்விட்டது. டீலர் போனை எடுக்கவில்லை என்று சொல்ல முடியாது, எடுத்தார். "சாமான் வடக்கே இருந்து வரணும்ணே, ரெண்டு நாள் பொறுங்க" என்றார். வந்தது பதினாறாம் நாள். அதற்குள் பக்கத்து வயல்களில் நடவு முடிந்து பயிர் பச்சை கட்டியிருந்தது. என் நாற்று முற்றிக்கொண்டிருந்தது, நான் வாடகை வண்டிக்காரர் பின்னால் அலைந்துகொண்டிருந்தேன்.

அந்தக் கம்பெனியின் பேர் இங்கே வேண்டாம். தப்பில் பாதி என்னுடையது. விலை கேட்டேன், ஹெச்பி கேட்டேன், மானியம் கேட்டேன். பம்ப் போனால் எங்கே கிடைக்கும் என்று மட்டும் கேட்கவில்லை.

போன வருடம் கள்ளிக்குடிப் பக்கம் இருக்கும் என் மச்சினன் மினி டிராக்டர் வாங்கக் கிளம்பினான். அவனோடு ஒரு மாதம் ஷோரூம், பட்டறை, வயல் என்று சுற்றினேன். கடைசியில் அவன் எடுத்ததும் ஊரில் அதிகம் பேர் கேள்விப்படாத பிராண்டுதான். நான் தடுக்கவில்லை. அந்த ஒரு மாதத்தில் நாங்கள் பார்த்தவற்றை, பார்த்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

1. முதலில் மண், அப்புறம் வண்டி

நம் மாவட்டத்தில் ஒரே மண் இல்லை. வாடிப்பட்டி, அலங்காநல்லூர், மேலூர் பக்கம் நஞ்சை, தொழி உழவு, அதாவது தண்ணீர் கட்டிச் சேறாக்கும் உழவு. திருமங்கலம், கள்ளிக்குடி, பேரையூர் பக்கம் கரிசல், மானாவாரி, பருத்தி. இரண்டுக்கும் நடுவில் தென்னந்தோப்பு, மல்லிகைத் தோட்டம். எனக்குச் சரிப்பட்ட வண்டி மச்சினனுக்குச் சரிப்படாது.

டேப் ஒன்றை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போங்கள். மல்லிகையில் செடிக்குச் செடி நாலடிதான் விட்டிருப்போம், செடி படர்ந்தபின் அந்த நாலடியும் இருக்காது. மூன்றரை அடி அகல வண்டி அங்கே போகாது, களையெடுக்கும் சின்ன இயந்திரம்தான் போகும். மல்லிகைக்கென்று மினி டிராக்டர் வாங்கிவிட்டு வரப்போரம் நிறுத்தி வைத்திருப்பவர்கள் உண்டு. தென்னைக்கு 25 அடி இடைவெளி, பெரிய வண்டியே போகும். ஆனால் சொட்டுநீர்க் குழாய், தாழ்ந்த மட்டை, தூர் ஓரம் என்று பார்த்தால் சின்ன வண்டி செய்யும் வேலை சுத்தமாக இருக்கும். பருத்தியில் பாருக்குப் பார் (வரிசைக்கு வரிசை) மூன்றடி என்றால் டயரின் அகலத்தையும் இரண்டு டயருக்கு நடுவிலுள்ள தூரத்தையும் அளந்துதான் பேச முடியும். ரோட்டாவேட்டர் கணக்கு எளிது: 18, 20 ஹெச்பிக்கு மூன்றடி, 24க்கு மேல் நாலடி. 20 ஹெச்பி வண்டிக்கு நாலடி மாட்டித் தருகிறேன் என்று டீலர் சொன்னால் அவர் வண்டியை விற்கிறார், உழவைப் பற்றி யோசிக்கவில்லை.

வண்டி தேவையா என்பதையும் இங்கேயே கணக்குப் போட்டுவிடுங்கள். நாலரை லட்சம் கடன், வட்டி 10 சதவீதம் என்றால் முதல் வருட வட்டி மட்டும் 45,000. வேளாண் பொறியியல் துறை டிராக்டரை மணிக்கு 500 ரூபாய்க்கு வாடகைக்கு விடுகிறது. அந்த வட்டிப் பணத்தில் 90 மணி நேரம் உழலாம். வருடத்துக்கு அவ்வளவு ஓட்டமே இல்லாதவர் இதற்கு மேல் படிக்க வேண்டியதில்லை. ஆனால் தண்ணீர் வந்ததும் எல்லாரும் அந்த வண்டியைத்தான் கேட்பார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன்.

2. பேருக்குப் பின்னால் யார்?

தெரியாத பிராண்டு என்று நாம் சொல்வதில் பாதி, தெரிந்த வீட்டுப் பிள்ளை. ஸ்வராஜ் 2007 முதல் மஹிந்திரா கையில் இருக்கிறது. ஐஷர் டிராக்டர் 2005இல் டாஃபேயிடம் வந்தது. அதே டாஃபேதான் மாஸி ஃபெர்குசனும் செய்கிறது, சென்னைக் கம்பெனி, வாடிப்பட்டி தாண்டிக் கல்லடிப்பட்டியில் ஆலையும் உண்டு. ஃபார்ம்ட்ராக், பவர்ட்ராக், குபோட்டா மூன்றும் இன்று எஸ்கார்ட்ஸ் குபோட்டா என்ற ஒரே கூரையின் கீழ். சோலிஸ் என்ற பேர் புதிதாகத் தெரியும், ஆனால் சோனாலிகாவைச் செய்யும் ஹோஷியார்பூர் கம்பெனியும் ஜப்பானின் யான்மாரும் அதன் பின்னால் இருக்கிறார்கள். விஎஸ்டி பெங்களூருக் கம்பெனி, டிராக்டர் ஆலை ஓசூரில். பவர் டில்லர் வழியாக நம் விவசாயிகளுக்கு முன்பே பழக்கமான பேர்.

கேப்டன் டிராக்டர் வருவது குஜராத்தின் ராஜ்கோட்டில் இருந்து. நம்மூர் சௌராஷ்டிரர்களின் பூர்வீகப் பூமி. அங்கே பருத்தியும் கடலையும்தான் பயிர். ஒடுங்கிய சின்ன டிராக்டர் அங்கே பிறந்ததில் ஆச்சரியம் இல்லை.

எனவே ஷோரூமில் கேட்க வேண்டிய முதல் கேள்வி "இது நல்ல வண்டியா" அல்ல. "என்ஜின் யார் செய்தது, கியர் பாக்ஸ் யார் செய்தது, வேறு எந்த வண்டியில் இதே என்ஜின் இருக்கிறது" என்று கேளுங்கள். பதில் வந்தால் பாதி பயம் போய்விடும். இழுத்தால், அதுவும் ஒரு பதில்தான்.

3. ஹெச்பி என்ற ஒற்றை எண்ணை நம்ப வேண்டாம்

பானட்டில் எழுதியிருப்பது என்ஜின் ஹெச்பி. ரோட்டாவேட்டரைச் சுற்றுவது பின்பக்கம் பிடிஓவில், அதாவது கருவிக்குச் சக்தி கொடுக்கும் சுழல் தண்டில் வரும் ஹெச்பி, அது பொதுவாகப் பத்து, பதினைந்து சதவீதம் குறையும். இரண்டு வண்டியை ஒப்பிடும்போது பிடிஓ எண்ணை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள்.

அந்த ஹெச்பி எப்படி வருகிறது என்பது அடுத்த விஷயம். மாஸி 5118 ஒற்றை சிலிண்டர், 825 சிசி, 20 ஹெச்பி. விஎஸ்டி எம்டி 180டி ஏறத்தாழ அதே சக்திதான், ஆனால் மூன்று சிலிண்டர், 2700 ஆர்பிஎம்மில் ஓடுவது. மஹிந்திரா ஜிவோ 245 இரண்டு சிலிண்டர், 1366 சிசி, 2300 ஆர்பிஎம். ஒற்றை சிலிண்டர் வண்டியில் பாகம் குறைவு, நம் பட்டறைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டுவார், ஆனால் நாலு மணி நேரம் ஓட்டினால் உள்ளங்கை மரத்துப்போகும். மூன்று சிலிண்டர் மெதுவாகப் பாடும், அதிர்வு இல்லை, ஆனால் பிரித்தால் செலவு. என் விருப்பம் கேட்டால், சொந்தமாக ஓட்டுபவருக்கு மூன்று சிலிண்டர், ஆள் வைத்து ஓட்டுபவருக்கு ஒன்றோ இரண்டோ. ஆள் எப்படி ஓட்டுவான் என்று நமக்குத் தெரியும்.

மத்தியப் பிரதேசம் புத்னியில் மத்திய அரசின் டிராக்டர் சோதனை நிலையம் இருக்கிறது. சோதித்த ஒவ்வொரு மாடலுக்கும் அறிக்கை உண்டு. டீலரிடம் அதைக் கேட்டு வாங்குங்கள். முழுதும் படிக்க வேண்டாம். பிடிஓ சக்தி, பின்னால் கருவியைத் தூக்கும் லிஃப்ட் எத்தனை கிலோ தூக்கும், டீசல் செலவு, சேற்று உழவுக்குப் பின் எண்ணெய்க்குள் தண்ணீரோ சேறோ போனதா என்ற பகுதி, இந்த நாலு மட்டும் போதும். பெரிய பிராண்டு, சின்ன பிராண்டு இரண்டையும் ஒரே அளவுகோலில் வைத்துப் பார்க்க இதைவிட நேர்மையான காகிதம் கிடையாது. விளம்பரத் தாளில் இல்லாத எண் இதில் இருக்கும், சில நேரம் விளம்பரத் தாளில் இருப்பதைவிடக் குறைந்தும் இருக்கும்.

4. சாமான் எங்கே இருக்கிறது

இந்த ஒரு படிக்காக மட்டும் எங்களுக்கு ஒரு வாரம் பிடித்தது, வீண் போகவில்லை.

திருமங்கலத்தில் ஒரு பட்டறை. மச்சினன் மனதில் வைத்திருந்த அதே மாடல் ஒன்று கியர் பாக்ஸ் பிரித்துக் கிடந்தது. மெக்கானிக் ஒரு பேரிங்கைக் கழிவுத் துணியால் துடைத்து வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினார். விளிம்பில் 6205 என்று பொறித்திருந்தது. "உள் துளை 25 மில்லிமீட்டர், வெளி வட்டம் 52, தடிமன் 15. டிராக்டர் கடைக்குக்கூடப் போக வேணாம்ணே, மோட்டார் கடையிலேயே கிடைக்கும்" என்றார். அடுத்து ஓர் ஆயில் சீல், அதிலும் மூன்று அளவு எண்கள். அதுவும் எங்கும் கிடைக்கும். அப்புறம் கிளச் பிளேட்டை எடுத்தார். வேறொரு பெரிய பிராண்டின் பிளேட்டை அதன்மேல் வைத்தார். வெளி வட்டம் ஒன்றுபோலவே இருந்தது. நடுவிலிருக்கும் பல்லை எண்ணச் சொன்னார். ஒன்றில் ஒரு பல் கூடுதல். "இது மட்டும் கம்பெனிதான் தரணும்" என்றார்.

அன்றைக்குத்தான் எனக்குப் புத்தி வந்தது. டிராக்டரின் பாகங்கள் இரண்டு குவியல். பேரிங், ஆயில் சீல், ஃபேன் பெல்ட், பேட்டரி, ஹோஸ், டயர் எல்லாம் ஊர்க் குவியல், பிராண்டு எதுவானாலும் மதுரையில் அன்றே கிடைக்கும். ஹைட்ராலிக் பம்ப், கிளச் பிளேட், கியர், கிரவுன் பினியன், நாலு சக்கர இழுவை வண்டியின் முன் அச்சுப் பல்சக்கரம் எல்லாம் கம்பெனிக் குவியல். பழகிய பிராண்டுக்கும் பழகாத பிராண்டுக்கும் உண்மையான வித்தியாசம் இந்த இரண்டாவது குவியலில்தான்.

எனவே ஒரு தாளில் கம்பெனிக் குவியலில் ஏழெட்டுப் பாகம் எழுதிக்கொள்ளுங்கள். விற்பனை மேசையில் கேட்காதீர்கள், அங்கே எல்லாமே "இருக்குண்ணே"தான். ஸ்பேர் கவுன்டருக்குப் போய், வண்டி வைத்திருப்பவர் மாதிரி கேளுங்கள். இருக்கிறதா, என்ன விலை, இல்லையென்றால் எத்தனை நாள். முடிந்தால் ஒன்றை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். மச்சினன் கேட்டபோது அந்தப் பேர் தெரியாத பிராண்டின் கவுன்டர்ப் பையன் பம்ப், கிளச் பிளேட் இரண்டையும் அட்டைப் பெட்டியோடு மேசையில் வைத்தான். முன் அச்சுப் பல்சக்கரத்துக்கு மட்டும் ஐந்து நாள் என்றான். நாங்கள் பார்த்த ஒரு பெரிய பிராண்டின் கடையில், மினி மாடலுக்குக் கிளச் பிளேட் அன்றைக்கு இருப்பு இல்லை. பெரிய வண்டிக்கு எல்லாம் இருந்தது. பெரிய பேர் என்றாலே சின்ன வண்டியின் சாமானும் இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது.

இதைப் பணமாக மாற்றிப் பார்த்தால்தான் மண்டையில் ஏறும். நான் பிராண்டு வண்டியை விட்டுவிட்டு வாங்கியதில் மிச்சம் பிடித்தது 55,000. என் வண்டி வேலை நேரத்தில் ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் அடுத்தவருக்கும் ஓடும், மணிக்கு 800 வாங்குவேன், டீசல், ஆள் கூலி போக நாளுக்கு மூவாயிரம் நிற்கும். பதினாறு நாளுக்கு 48,000. முற்றிய நாற்றை நட்டதில் குறைந்த மகசூலை இதில் சேர்க்கவே இல்லை.

இதில் நஞ்சைக்காரருக்குத்தான் ஆபத்து அதிகம். பேரணை முதல் கள்ளந்திரி வரை இருபோகப் பாசனம் 45,041 ஏக்கர். அணையில் இருப்பு இருக்கிற வருடங்களில் ஜூன் வாக்கில் இதற்குத் தண்ணீர் திறப்பார்கள். அப்புறம் செப்டம்பர் வாக்கில் மேலூர், திருமங்கலம் பக்கத்து ஒருபோக நிலம் 1,05,002 ஏக்கருக்கு. தண்ணீர் வந்த வாரத்தில் இத்தனை ஏக்கரும் ஒரே நேரத்தில் தொழி அடிக்கும். மெக்கானிக் கிடைக்க மாட்டார், வாடகை வண்டி கிடைக்காது, சாமான் இருந்தாலும் மாட்ட ஆள் இருக்காது. மானாவாரிக் கரிசலில் மழை பெய்து பதம் வரும் அந்தச் சில நாள் தவிர, மீதி வேலை பாருக்கிடையில் மாதக்கணக்கில் நடப்பது. ஐந்து நாள் வண்டி நின்றால் உயிர் போகாது. மச்சினனை நான் தடுக்காததற்கு முதல் காரணம் இது.

5. நம் வயலில் ஓட்டிப் பார்ப்பது

ஷோரூம் வாசலில் தார் ரோட்டில் ஓட்டுவது கணக்கில் வராது. வண்டியை உங்கள் நிலத்துக்கு வரவழையுங்கள். பேர் தெரியாத பிராண்டுக்காரர்கள் இதற்கு உடனே சம்மதிப்பார்கள், அவர்களுக்கு விற்க வேண்டும். பெரிய கடைக்காரர் கொஞ்சம் பிகு பண்ணலாம், விடாதீர்கள்.

டேங்கை வாய் வரை நிரப்பி, ரோட்டாவேட்டர் மாட்டி ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். முடிந்ததும் அளவுக் குடுவையால் மறுபடி வாய் வரை ஊற்றினால் குடித்த டீசல் எவ்வளவு என்று மில்லிலிட்டர் கணக்கில் தெரிந்துவிடும். ஓடும்போது மண் இறுகிய இடத்தில் என்ஜின் சத்தம் எவ்வளவு இறங்குகிறது, திரும்ப எவ்வளவு சீக்கிரம் ஏறுகிறது என்று காதால் கேளுங்கள். மதியம் பன்னிரண்டு மணிக்கு மேல் ஓட்டினால்தான் சீட்டுக்கு அடியில், காலுக்குப் பக்கத்தில் எவ்வளவு சூடு ஏறுகிறது என்று தெரியும். காலை ஆறு மணி டெமோவுக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள்.

அப்புறம் லிஃப்ட். ரோட்டாவேட்டரை முழுதாகத் தூக்கி என்ஜினை அணைத்துவிட்டு, தரையிலிருந்து அதன் உயரத்தை ஒரு குச்சியில் அளந்து கோடு போடுங்கள். டீ குடித்துவிட்டு அரை மணி கழித்து வந்து அதே குச்சியை வையுங்கள். புது வண்டி விரல் அகலம் இறங்கியிருந்தால்கூட ஏன் என்று கேட்க வேண்டும். நான் இதைச் செய்திருந்தால் என் பம்ப் தப்பித்திருக்கும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் டீலரிடம் பேச ஒரு பிடி கிடைத்திருக்கும்.

நஞ்சைக்காரர் கேஜ் வீல், அதாவது சேற்றில் ஓட்ட மாட்டும் இரும்புக் கூண்டுச் சக்கரம் பற்றிக் கேட்டே ஆக வேண்டும். அந்த மாடலுக்கு அளவாகக் கம்பெனியே தருகிறதா, பட்டறையில் அடிக்க வேண்டுமா? பட்டறையில் அடித்து மாட்டினால் அச்சில் கோளாறு வரும்போது வாரண்டி செல்லுமா? எழுத்தில் வாங்குங்கள்.

6. மூன்றாம் வருடக்காரரைத் தேடுங்கள்

ஆறு மாதம் முன்பு வாங்கியவர் தன் வண்டியைக் குறை சொல்ல மாட்டார், சொன்னால் தன் புத்தியைக் குறை சொன்ன மாதிரி ஆகிவிடும். மூன்று வருடம் ஓட்டியவர்தான் உண்மை பேசுவார். டீலரிடமே பட்டியல் கேளுங்கள், அப்புறம் அவர் கொடுக்காத ஓர் ஆளை நீங்களே கண்டுபிடியுங்கள். ஹவர் மீட்டரில் எவ்வளவு ஓடியிருக்கிறது, எந்த நாளில் நின்றது, எத்தனை நாள் நின்றது என்று கேளுங்கள். சேற்றில் ஓட்டியவர் என்றால் கியர் பாக்ஸ் ஆயில் குச்சியை உருவிப் பார்க்க அனுமதி கேளுங்கள். எண்ணெய் பால் டீ நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது.

7. பணம்

2025 செப்டம்பர் 22 முதல் 1800 சிசிக்கு உட்பட்ட டிராக்டருக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. மினி டிராக்டர் எல்லாம் இதற்குள் வந்துவிடும். டிராக்டர் டயருக்கும் குறிப்பிட்ட சில உதிரி பாகங்களுக்கும் 18லிருந்து 5. அதற்கு முந்தைய கொட்டேஷன் யாரிடமாவது வாங்கி வைத்திருந்தால் கிழித்துப்போட்டுவிட்டுப் புதிது கேளுங்கள்.

மானியம் வேண்டுமென்றால், மாடல் வேளாண் பொறியியல் துறைப் பட்டியலில் இருக்கிறதா என்று முன்பணம் கொடுக்குமுன் பாருங்கள். உழவன் செயலியில் பதிந்து, சிட்டா, அடங்கல், சிறு குறு விவசாயி சான்று எல்லாம் எடுத்தபின் மாடல் பட்டியலில் இல்லை என்று தெரிந்தால் நொந்துபோவீர்கள். பட்டியலில் இருப்பது தரத்துக்குச் சான்று அல்ல, பணம் வர ஒரு வழி, அவ்வளவுதான்.

பழைய வண்டி விலையில் சின்ன பிராண்டு கட்டாயம் அடிவாங்கும், அதை மறைக்க வேண்டாம். பேர் தெரியாத வண்டியைப் பார்த்தாலே புரோக்கர் உதட்டைப் பிதுக்குவார். நாலு வருடத்தில் விற்கும் எண்ணம் இருந்தால் பழகிய பிராண்டுக்கே போங்கள். "ஓடுற வரைக்கும் ஓட்டப்போறேன் மாமா" என்றான் மச்சினன். அப்படியென்றால் அந்த நஷ்டம் அவனைப் பெரிதாகத் தொடாது.

கடைசியாகப் பேரம். மேற்கூரை இலவசம், பம்பர் இலவசம் என்று ஆரம்பிப்பார்கள். வேண்டாம் என்று சொல்லி, அந்தப் பணத்துக்குச் சாமான் கேளுங்கள். ஒரு கிளச் பிளேட், ஹைட்ராலிக் பம்ப் சீல் செட், இரண்டு செட் ஃபில்டர், ஒரு ஃபேன் பெல்ட். டீலர் சிரிப்பார். மச்சினனுக்குச் சிரித்துக்கொண்டே கொடுத்தார். வீட்டில் நெல் குதிருக்குப் பக்கத்தில் அந்தப் பெட்டி இருக்கிறது.

8. வண்டி வரும் நாள்

பூ, சந்தனம், எலுமிச்சம்பழம் எல்லாம் அப்புறம். முதலில் சேசிஸ் எண்ணையும் என்ஜின் எண்ணையும் பில்லோடு ஒத்துப் பாருங்கள். ஹவர் மீட்டரைப் போனில் படம் எடுங்கள். டெமோவுக்கு ஊர் ஊராக ஓடிய வண்டியைப் புதிது என்று தள்ளிவிடுவது நடக்கிற காரியம்தான். வாரண்டி அட்டையில் டீலர் முத்திரையும் தேதியும் அங்கேயே போடவையுங்கள். கையேடு தமிழில் இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். முதல் சர்வீஸ் எத்தனை மணி நேரத்தில் என்று கையேட்டில் பாருங்கள், பெரும்பாலும் 50 மணி. அன்றைக்கு ஊற்றி எடுக்கும் பழைய எண்ணெயை ஒரு வெள்ளைத் துணியில் விட்டுப் பாருங்கள். மினுமினுப்பாக இரும்புப் பொடி கொஞ்சம் தெரியும், புது கியர் ஒன்றோடொன்று உரசிப் பழகுவது அது. துண்டு துண்டாக வந்தால் துணியோடு எடுத்துக்கொண்டு நேரே டீலரிடம் போங்கள், வாரண்டி அட்டையை மறக்காமல்.